குப்பைக்கூடையில் இல்லாத அட்டை

போன வாரம் மாஸ்டர் அக்காவை வெட்டும் மேஜைக்கு முன்னால் கையில் சாக்பீஸோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கோடு நடுங்கியது என்று எழுதிவிட்டு, ஏன் நடுங்கியது என்று சொல்லாமல் முடித்தது கொஞ்சம் அக்கிரமம்தான். இந்த வாரம் அந்த மேஜையிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுக்கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டினால் ஒரு வகுப்புக்கே வேண்டிய சட்டைக்கைகள் ஒரே ஓட்டத்தில் வந்து விழும். அதுவரை ஆண்கள் மட்டும் நின்ற மேஜை அது. இவள் வந்தபிறகு மாஸ்டர் என்ற சொல்லுக்குப் பின்னால் அக்கா ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு பைபோலார் என்கிற நோய். மனம் சில காலம் மேலே ஏறும், சில காலம் கீழே இறங்கும். ஏறினால் தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், உலகமே தன் சொல்பேச்சு கேட்கும் என்று தோன்றும். இறங்கினால் பல் துலக்குவதே பெரும்பாடு. நடுவில் நிறுத்தி வைப்பது லித்தியம் மாத்திரை. கணவர் லிப்ட் மெக்கானிக். மகள் பள்ளியில் கடைசி வருஷம்; மூன்று வயதிலேயே தூங்கப் போக முடியாது என்று காரணம் அடுக்கி வாதாடியதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இரண்டு தெரு தள்ளி தங்கை இருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை.

அவ்வளவுதான் ஜனங்கள். நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள். அதுதான் இந்த வாரத்துச் சங்கடமே.

அன்று காலை கிளம்பும்போதும் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கணவர் முகத்துக்கு நேரே, "இன்னைக்கு நான் எப்படி இருக்கேன்?"

வேறு எந்த வீட்டிலும் கேட்காத கேள்வி இது. அவளுடைய நோயின் குசும்பு அப்படி. ஏறத் தொடங்கும்போது அது நோய் என்றே தெரியாது, சந்தோஷம் என்றுதான் தெரியும். தன் சந்தோஷத்தைத் தானே நம்ப முடியாதவளுக்கு இன்னொருவர் கண் வேண்டும். அவள் கணவரின் கண்ணை நம்பியிருந்தாள். அவர் நிதானமாகப் பார்த்து "சரியாத்தான் இருக்க" என்பார். "கொஞ்சம் வேகமா இருக்க" என்று சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் அன்றே டாக்டரிடம் போவது என்று இருவருக்கும் ஒப்பந்தம். கல்யாணத்தன்று சொன்னவற்றையெல்லாம் விட இந்த ஒப்பந்தம்தான் அவளுக்குப் பெரிது.

அன்றும் "சரியாத்தான் இருக்க" என்றார். டம்ளர் அவள் கையில் ஆடி டீ தளும்பியது. அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கை நடுக்கம் சில வாரங்களாகவே உண்டு. கூடவே தாகம். பாட்டில் பாட்டிலாகக் குடித்தாலும் நாக்கு காய்ந்தது. வயிறு ஒரு நிலையில் இல்லை. இரண்டு நாளாக நடையிலும் ஒரு தள்ளாட்டம். முந்தின நாள் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்கும்போது எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

மேஜையில் நீலத்துணி அடுக்கு தயாராக இருந்தது. அவள் காலர் அளவை வைத்துக் கோடு இழுத்தாள். கோடு கோணிக்கொண்டு போனது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதே கதை. முந்தின நாள் இப்படித்தான் ஓர் அடுக்கு முழுவதும் காலர்கள் ஒருபக்கம் சாய்ந்து வந்து, தையல்காரப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. பக்கத்தில் வந்து நின்று, மெஷினை அணைத்தார். அவளுடைய இடதுகையில் இருந்த இரும்பு வலைக் கையுறையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். கத்தி ஓட்டுகிறவர் மட்டும் போடும் கையுறை அது. இன்னொருவர் வந்து மாட்டிக்கொண்டார். அவளை, வெட்டிய துண்டுகளைப் பண்டல் கட்டும் பக்கம் உட்காரச் சொன்னார்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா அக்கா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

உலகத்தில் அவளிடம் கேட்பதற்கு வேறு கேள்வியே கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவள் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் மாத்திரை போட்டியா. பேசாமல் இருந்தால் மாத்திரை போட்டியா. புது செருப்பு வாங்கினால் கூட மாத்திரை போட்டியா. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கோபம். இவளுக்கு வந்தால் மட்டும் அது மருந்து விட்டுப்போன அறிகுறி.

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். நம்பிய மாதிரி இல்லை.

ஆனால் அது சத்தியமான உண்மை. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் தானே போய் மாத்திரை வாங்குவாள். அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டாள். கூடத்தில் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருப்பாள். காலை டீ வேளையில் ஒன்று, மாலை மெஷின்கள் நின்றதும் ஒன்று. காலி அட்டையை வெட்டுத்துணி மூட்டைக்குள் போட்டுவிடுவாள். விடுமுறை நாளுக்கு வேண்டியதை மட்டும் நூல்சுற்றும் பாபின் டப்பாவில் போட்டுக் கைப்பையில் கொண்டு போவாள்.

வீட்டில் ஏன் வைக்கவில்லை என்றால் அதற்கு ஒரு டார்ச் லைட் காரணம். இரண்டு வருஷம் முன்னால், ஏறிய காலத்தில், அவள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துத் துப்பியது உண்மை. அதற்குப் பிறகு கணவர் தினமும் மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, லிப்ட் குழிக்குள் அடித்துப் பார்க்கும் டார்ச்சால் அவள் வாய்க்குள் அடித்துப் பார்ப்பார். மகள் எதிரே உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பாள். அந்த அவமானத்தை அவள் வாய் பேசாமல் தாங்கினாள். பிறகு டாக்டரே, இனி மருந்து உங்கள் பொறுப்பு என்று சொன்னார். கணவரும் சந்தோஷமாக, "இனிமே நீயே பாத்துக்கோ" என்றார். அன்றைக்கே அவள் முடிவு செய்தாள், தன் மாத்திரையைத் தான் விழுங்குவதை இனி வீட்டில் ஒருவரும் பார்க்கக் கூடாது என்று. மனுஷிக்கு அவ்வளவு கூட மறைவு வேண்டாமா?

பண்டல் கட்டும் பக்கம் உட்கார்ந்து முடிச்சுப் போடப் பார்த்தாள். நூல் விரலுக்குள் நிற்கவில்லை. அப்போதுதான் டாக்டரிடமிருந்து போன் வந்தது. அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம், உடனே வாருங்கள், தனியாக வர வேண்டாம் என்றார் அந்த அம்மா. அவள் கணவரைக் கூப்பிட்டாள். கிரீஸ் கறை படிந்த உடுப்போடு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஓடி வந்தார்.

அவர் நல்லவர். அதில் சந்தேகமில்லை. முன்பு வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷர், சில வாரங்களாகத் தினமும் வேலையிலிருந்து வந்து அவளுக்கென்று தனியாகக் காய்கறி சூப் வைத்துக் கொடுக்கிறார் என்று முன்பு ஒரு அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் அவள் சொட்டு விடாமல் குடித்தாள் என்றும் எழுதினேன். எழுதும்போது எனக்கே அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. நானும் ஏமாந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"நேத்து எடுத்த ரத்தத்துல லித்தியம் இருக்க வேண்டியதவிட ரொம்ப அதிகம். கை நடுக்கம், தாகம் எல்லாம் அதனாலதான். நீங்க சொல்ற மாதிரி காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டா இந்த அளவுக்கு ஏறாது."

அவள் வேறு மாதிரி போடவே இல்லை என்றாள். டாக்டர் கேள்விகளை மெதுவாக வேறு பக்கம் திருப்பினார். மனசு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, வாழ்க்கை வெறுத்துப்போகிற மாதிரி எப்போதாவது இருந்ததா. கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு நாள் சேர்த்துப் போட்டுக்கொண்டீர்களா. அவளுக்கு மெல்லப் புரிந்தது. தான் சாகப் பார்த்ததாக இந்த அம்மா நினைக்கிறார்.

இல்லை என்றாள். டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றாள். சொல்லச் சொல்ல நாக்கு குழறியது. குழறக் குழறப் பொய் மாதிரியே கேட்டது.

பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, சாட்சி சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

"இவரக் கேளுங்க டாக்டர். தினம் காலையில என் மூஞ்சியப் பாத்துச் சொல்றவர் இவருதான். நான் அப்படிப்பட்ட நெலமையிலயா இருந்தேன்? கேளுங்க."

அவர் மடியில் இருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். தனிக் கண்காணிப்பு அறையில் சேர்க்க வேண்டும், துப்பட்டாவைக் கூட வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள், பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். அவள் அப்போதும் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை கேள்விகளையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் மூன்று முறை இல்லை என்று சொல்லும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் நல்லவர் என்பதற்காகக் கூட இதை நான் மன்னிக்க மாட்டேன்.

"அவமேல தப்பு இல்ல டாக்டர்," என்றார் கடைசியாக. "நான்தான் சூப்புல கலந்தேன்."

"எத?"

"மாத்திரைய. பொடி பண்ணி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். பொறுப்பை அவளிடம் விட்ட பிறகு வீட்டுக் குப்பைக்கூடையில் ஒரு காலி அட்டை கூட விழவில்லை. தினமும் பார்த்தார். அலமாரியில் மாத்திரை இல்லை, அவள் கைப்பையில் இல்லை. அப்படியானால் அவள் மறுபடி நிறுத்திவிட்டாள் என்றுதானே அர்த்தம். நேரே கேட்டால் போன தடவை மாதிரி சண்டை வரும், வீட்டைவிட்டுப் போய்விடுவாள். அதனால் டாக்டர் எழுதிய அதே அளவை, அவளுக்குத் தெரியாமல், தானே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஆக அவள் தன் பங்கைக் கூடத்தில் விழுங்கினாள். வீட்டுக்கு வந்து அதே அளவை இன்னொரு முறை சூப்பில் குடித்தாள்.

"லிப்ட்ல ஏறுறவங்களுக்கு எங்க பிரேக் இருக்குன்னு தெரியாது," என்று அவர் டாக்டரைப் பார்த்துச் சொன்னார். "தெரியவும் வேணாம். பத்திரமா போய்ச் சேந்தா போதும். அப்படித்தான் நெனச்சேன்."

"நான் லிப்ட் இல்லீங்க," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்தார்.

"டார்ச் அடிச்சுப் பாத்தீங்களே, அப்பகூட எனக்கு இவ்வளவு வலிக்கல. அது என் மூஞ்சிக்கு நேரா பண்ணினது. இது அப்படியா? காலையில சரியாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு, சாயங்காலம் அடுப்புகிட்ட நின்னு பொடி பண்ணியிருக்கீங்க. எதுங்க உண்மை? நான் சரியா இருந்தேனா, இல்லையா?"

"சரியாத்தான் இருந்த," என்றார் அவர். "அது சூப்புல போட்ட மாத்திரையாலன்னு நெனச்சேன்."

அவள் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வாரமும் அவள் நிதானமாக இருந்தது அவளுடைய ஒழுங்கால். அந்தப் பெருமையைக் கூட அவர் சூப் பானைக்கு எழுதி வைத்துவிட்டார்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். கண்காணிப்பு அறை வேண்டாம், சாதாரண வார்டு போதும். டிரிப் ஏற்றி லித்தியத்தை வெளியே தள்ள வேண்டும், சிறுநீரகம் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை மாத்திரை கிடையாது. கை நடுக்கம் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். பெரும்பாலும் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. வெட்டும் மேஜை பெரும்பாலும் நேரான கோட்டை ஏற்றுக்கொள்ளாது.

பிறகு டாக்டர் கணவரிடம், அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சீட்டில்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது, யார் கொடுத்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்றார். அவர் மென்று விழுங்கினார். கடையில் என்றார். எந்தக் கடை என்றதற்குப் பதில் இல்லை.

பதில் அவளுக்கு வந்துவிட்டது. சில வாரங்களாகத் தங்கை அவளைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைத் தொட்டு, "இப்பத்தான்கா தெளிவா இருக்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

தங்கை மத்தியானம் வந்தாள், கடை உடுப்போடு, கண் சிவந்து. அக்காவின் கணவர் போனில் சொல்லியிருக்கிறார். வார்டில் கடைசிக் கட்டில். அக்காவின் கையில் ஊசி, மேலே டிரிப் பாட்டில். தங்கை கட்டில் ஓரத்தில் உட்காரப் போனாள். அக்கா காலை நகர்த்தி இடம் கொடுக்கவில்லை. தங்கை நின்றுகொண்டே அழுதாள்.

தான் கெட்டது நினைக்கவில்லை என்றாள். டாக்டர் எழுதிய அதே அளவைத்தான் எடுத்துக் கொடுத்தாள். இரட்டிப்பாகும் என்று கனவிலும் தெரியாது. சிறுவயதில் அம்மா போனபிறகு தன்னைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தவளுக்குத் தான் கெடுதல் செய்வாளா என்று கேட்டாள்.

"நீ ஒரே ஒரு தடவ என்னைக் கேட்டிருக்கலாம்," என்றாள் அக்கா.

"கேட்டா போட்டுக்கறேன்னுதானே சொல்லியிருப்ப. போன தடவயும் அப்படித்தானே சொன்ன. என் கையப் பிடிச்சுக்கிட்டு சத்தியம் பண்ணினியே அக்கா. பண்ணிட்டு துப்பின."

நடந்தது அதுதான். அந்தத் தடவை ஏறியபோது, ஒரு காலை மகளின் பள்ளி வாசலில் அளவு டேப்போடு போய் நின்றாள். உள்ளே நுழைகிற ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தித் தோள் அளவெடுத்து, எல்லோருக்கும் இலவசமாக மழைக்கோட்டு தைத்துத் தருவதாகச் சொன்னாள். பிள்ளைகள் வரிசை கட்டி நின்று சிரித்தார்கள். வக்கீல் அந்த வரிசையைக் கடந்து உள்ளே போக வேண்டியிருந்தது. நோய் செய்ததுதான். ஆனால் அதைப் பார்த்தது இவர்கள் கண்.

ஒரு முறை பொய் சொன்னால், பிறகு வாழ்நாள் முழுவதும் உண்மை சொன்னாலும் கணக்கில் சேராதா? மற்றவர்களுக்கெல்லாம் சேர்கிறதே. ஊரில் எத்தனை பேர் பொய் சொல்லிவிட்டு மறுவாரமே பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் யார் கொடுத்தாங்கன்னு கேட்டாங்களாமே. என் பேரச் சொல்லிடாத அக்கா. வேலை போயிடும். வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க."

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இதக் கேக்கத்தான் வந்தியா?"

தங்கை இல்லை இல்லை என்று பதறினாள். பதறிய வேகத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. டாக்டர் மறுநாள் காலை வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். என்ன சொல்லப்போகிறாள் என்று அக்கா சொல்லவில்லை, அவளுக்கே தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, இந்த அம்மாவும் வெளியில் உட்கார்ந்திருக்கும் தன் கணவரும் இனி உள்ளே வர வேண்டாம், மகள் வந்தால் மட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பள்ளி விட்டதும் வக்கீல் நேரே வந்தாள். மாற்றுத்துணிப் பையும் சீப்பும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தாள். வெளியே படிக்கட்டில் அப்பாவைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அவள் போட்டிருந்த சீருடைச் சட்டை அம்மா வெட்டியது. காலர் நேராக இருந்தது.

மகளைப் பார்த்ததும் மாஸ்டர் அக்காவுக்கு அதுவரை அடக்கி வைத்த அழுகை வந்துவிட்டது. வழக்கமாக வாய் ஓயாதவள் இன்று வாயைத் திறக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, திக்கித் திக்கி, நடந்ததையெல்லாம் சொன்னாள். மாத்திரை நிறுத்தியிருக்கிறார்கள், இனி சில நாள் மனசு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், அப்படி ஏறினால் தனக்குத் தெரியாது, பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

"இனிமே உங்கப்பா சொல்றத நான் நம்ப மாட்டேன். உன் சித்தியும் வேணாம். நீதான்டி. நீ ஒருத்திதான் என் முதுகுக்குப் பின்னால எதுவும் பண்ணல."

மகளின் கை அவள் கைக்குள் விறைத்தது.

"அம்மா, குப்பைக்கூடையப் பாத்தது அப்பா இல்ல."

மாஸ்டர் அக்கா புரியாமல் பார்த்தாள்.

"நான்தான் பாத்தேன். நான்தான் அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். உன் பையையும் நான்தான் தேடினேன். பாபின் டப்பாவத் திறக்கணும்னு தோணல." கேட்கப்படாத சாட்சி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "சூப் விஷயமும் எனக்குத் தெரியும். அப்பா என் பேர விட்டுட்டுத் தன் பேரச் சொல்லியிருக்காரு."

அவள் கையை அம்மா விட்டுவிட்டாள். வேண்டுமென்று விடவில்லை, பிடித்திருக்க முடியவில்லை. நாள் முழுவதும் ஒவ்வொருவராக நம்ப வைத்துக் கழுத்தறுத்த பிறகு, மிச்சமிருந்த ஒரே ஒருத்தியும் இப்போது வரிசையில் போய் நின்றுகொண்டாள். அதுவும் கடைசியில் இல்லை, முதல் ஆளாக.

"ஏன்டி தேடின?" என்று கேட்டாள்.

"நீ பாடின."

"என்னது?"

"பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினம்மா. ரொம்ப சத்தமா. நடுவுல சிரிச்ச வேற. எனக்குப் பயமாயிருச்சு. ஸ்கூல் வாசலுக்கு வந்தியே, அதுக்கு முன்னாடியும் இப்படித்தான் பாடின."

எந்த நாள் என்று மாஸ்டர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மருந்து இனி உங்கள் பொறுப்பு என்று டாக்டர் சொன்ன நாள். வாயில் டார்ச் இல்லாமல் படுக்கப்போகிற முதல் நாள். வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, பழைய பாட்டு ஒன்றை வாய்க்கு வந்தபடி பாடினாள். எதையோ நினைத்துச் சிரிக்கவும் செய்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

"அன்னைக்கு நான் சும்மா சந்தோஷமா இருந்தேன்டி," என்றாள்.

மகள் முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அம்மாவுக்கு அவள் தலையைத் தொட வேண்டும் என்றும் இருந்தது, எழுந்து வெளியே போ என்று சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டிரிப் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நர்ஸ் வந்தாள். பாட்டிலை மாற்றினாள், நாடி பார்த்தாள், கட்டில் தலைமாட்டில் இருந்த பலகையில் எழுத பேனாவைத் திறந்தாள். கூட இருந்து பார்த்துக்கொள்ளப்போவது யார், பேஷன்ட் நிலைமை மாறினால் யார் சொல்வதை நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரே ஒரு பெயர் போதும் என்றாள். வெளியில் உட்கார்ந்திருப்பவர் பெயரை எழுதட்டுமா என்று அவளே கேட்டாள்.

"வேணாம்," என்றாள் மாஸ்டர் அக்கா. "இவதான். வேற ஆள் இல்ல."

நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மகள் தலையைத் தூக்கினாள். மூக்கு சிவந்து, கன்னத்தில் பையின் ஜிப் தடம் பதிந்திருந்தது.

"அப்போ என்னை நம்புறியாம்மா?"

நம்புகிறேன் என்று சொல்லிவிடலாம். அந்தக் குடும்பத்தில் நல்லெண்ணத்தோடு பொய் சொல்வது எல்லோருக்கும் கைவந்த கலை. பிள்ளை முகத்தைப் பார்த்தால் சொல்லத்தான் தோன்றியது.

"இல்ல," என்றாள். "இன்னைக்கு நம்பல."

மகள் தலையை ஆட்டினாள். எழுந்து போகவில்லை. ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.